ஆசிரியர் கையொப்பம்

அக்கா இறந்து ஒன்றரை மாதம் கழித்து அத்தான் மாடியிலிருந்து இறங்கி வந்து, மாடி வீட்டின் இன்னொரு சாவியைச் சின்னவளின் கையில் வைத்தார்.

"பியானோவ நீயே வச்சுக்க. உனக்குத்தான் காது இருக்கு."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. காது இருக்கிறதாம். அந்தக் காதை வைத்துக்கொண்டு அவள் இரண்டு வருஷமாக என்ன செய்தாள் என்பது மேலே குடியிருந்த மனுஷனுக்குத் தெரியாதா? குத்திக்காட்டுகிறாரா, இல்லை வெள்ளந்தியாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. லிஃப்ட் மெக்கானிக்காக முப்பது வருஷம் இருந்தவர். மாடிக்கும் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் பேசிப் பேசி, எதற்கும் அசையாத ஒரு முகம் அவருக்கு வாய்த்திருந்தது.

அப்பா கட்டிய வீடு அது. மேலே அக்காவும் அத்தானும், கீழே சின்னவள் தனியாக. அக்கா தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்த்து ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்றாள். பெற்ற கையோடு, மூடப்போகிற ஒரு ஓட்டலின் வரவேற்பறையில் தூசி படிந்து கிடந்த பியானோவை வாங்கினாள். அதை மாடிக்கு ஏற்ற நாலு ஆட்களுக்கு அரை நாள் பிடித்தது. வாத்தியாரம்மா ஒருத்தியிடம் இரண்டு தடவை போனாள். ஏழு வயசு வாண்டுகள் நடுவில் உட்கார்ந்துவிட்டு வந்து, "முட்டி இடிக்குது, மானமும் போகுது" என்று நின்றுவிட்டாள். அப்புறம்தான் அந்தப் புத்தகங்களை வாங்கினாள். ஆசிரியர் இல்லாமல் பெரியவர்கள் தாமே கற்க, மூன்று பாகம். முப்பது வருஷம் முத்திரை குத்திய கை அல்லவா? முதல் ஆறு மாதம் அவள் வாசித்ததும் ஏறக்குறைய முத்திரை குத்துவதுபோலத்தான் கேட்டது.

கீழே இருந்தவளுக்குப் பல் செட் செய்கிற வேலை. பல் ஆஸ்பத்திரிகளுக்குச் செட் செய்து கொடுக்கும் ஒரு லேபில் பகலெல்லாம் இருப்பாள். மிச்ச வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னலோர மேஜையில் மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டுக்கொண்டிருப்பாள். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவள் கையில்தான் தயாரானது. அவள் சிரித்துத்தான் யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேலே ஆரம்பித்துவிடும். ஒரே வரி, இருபது தடவை. சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்ப்பாள். பொறுமை தீர்ந்ததும் கதவு மூலையில் நிற்கும் ஒட்டடைக் குச்சியை எடுத்து, அடிக்கட்டையால் மேல்தளத்தில் ஓங்கி ஒரு இடி. டொக். மேலே சத்தம் நிற்கும். சற்று நேரம் கழித்து மறுபடி தொடங்கும். இன்னொரு டொக். இப்படியே இரண்டு வருஷம். மாடிப்படியில் எதிரே பார்த்தால், "தண்ணி வந்துச்சா?", "கரண்ட் பில் வந்துச்சா?" என்று பேசிக்கொள்வார்கள். டொக்கைப் பற்றி அக்கா வாயே திறந்ததில்லை. சின்னவளும் திறக்கவில்லை.

பல் நடுகிறவளுக்கு அமைதி வேண்டும், கை ஆடினால் ஒரு பல் கோணும் என்று அவள் தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் உண்மை. மீதியை நாம் மறைப்பானேன்? அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயசில் சந்தோஷமாக இருக்கத் தெரிந்தது. சின்னவளுக்குத் தெரியவில்லை. அதுதான் மேலேயிருந்து இறங்கி வந்து தினமும் அவள் தலையில் விழுந்தது.

பிறகு ஒருநாள் காலையில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. சின்னவள் ஓடிப்போனபோது கையில் க்ளிப் இருந்தது, மூச்சு இல்லை.

மன்னிப்புக் கேட்க ஆள் இல்லாமல் போனால் மனுஷர்கள் ஏதேதோ செய்வார்கள். சின்னவள் பியானோ கற்க உட்கார்ந்தாள். அக்கா போன வழியிலேயே, அதே புத்தகங்களில், அவள் நின்ற பக்கம் வரை போவது. போய்ச் சேர்ந்தபின் அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லி, காலில் விழுவதானாலும் விழுவது. அதுதான் கணக்கு.

அந்தப் புத்தகம் எழுதின புண்ணியவான் அநியாயத்துக்கு உற்சாகமானவர். பக்கத்துக்குப் பக்கம், "வாழ்த்துகள்! நீங்கள் இப்போது இரண்டு கைகளாலும் வாசிக்கிறீர்கள்!" என்று குதிப்பார். வாசிக்கிறவள் கண்ணில் தண்ணீர் நிற்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் சின்னவளின் விரல்கள் கெட்டிக்கார விரல்கள். மில்லிமீட்டர் பிசகாத வேலை பார்த்தவை. அக்கா எட்டு மாதம் எடுத்துக்கொண்ட முதல் பாகத்தை நாலு மாதத்தில் முடித்தாள்.

புத்தகம் முழுக்க அக்காவின் பென்சில். ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் எந்த விரல் என்று ஒன்று முதல் ஐந்து வரை எண்கள், கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. அங்கங்கே சுரங்களின் மேல் சின்னச் சின்ன வட்டங்களும் போட்டிருந்தாள். சின்னவள் புத்தகத்தின் கடைசியில் இருந்த குறிகளின் பட்டியலில் தேடினாள். வட்டம் இல்லை. ஒரு புள்ளியும் அதற்கு மேலே பிறை மாதிரி ஒரு வளைவும் இருந்தது. 'நிறுத்தக் குறி: இங்கே சற்றுத் தங்குங்கள்.' சரி, அக்கா அவசரத்தில் இதைத்தான் வட்டமாகப் போட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினாள். கேட்க வாத்தியாரா இருக்கிறார்? வட்டம் வந்த இடத்திலெல்லாம் கையை நிறுத்தி, நாலு எண்ணிவிட்டுத் தொடர்ந்தாள். வட்டங்கள் எல்லாமே சுலபமான இடங்களில் விழுந்திருந்தது கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. கஷ்டமான இடம் ஒன்றிலும் இல்லை. பெரிய இசை ரகசியம் ஏதோ இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அந்த நாலு எண்ணிக்கையில்தான் பயம் வந்தது. கையை நிறுத்தியதும் அறை அப்படியே அடங்கிவிடும். அப்போது கீழே, பூட்டின தன் வீட்டில், தன் ஜன்னலோர மேஜைக்குப் பக்கத்தில், யாரோ நின்று கேட்பதுபோல இருக்கும். குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்பதுபோல. இரண்டு, மூன்று, நாலு. சாயங்கால வெயில் தரையில் கிடக்கும்போதே அவளுக்கு உள்ளங்கால் சில்லிட்டது. ஒருநாள் தாங்காமல் இறங்கி ஓடிக் கதவைத் திறந்து பார்த்தாள். குச்சி மூலையில் சாய்ந்திருந்தது. மேஜைக்கு மேலே தளத்தில் மட்டும், அவள் இடித்த இடத்திலெல்லாம் சுண்ணாம்பு பெயர்ந்து, ரூபாய் நாணயம் அளவில் வட்டம் வட்டமாகத் தழும்புகள். அதற்கு அடியில் அவள் இரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு தடவைகூட அண்ணாந்து பார்த்ததில்லை. பெயின்டரைக் கூப்பிட்டு வெள்ளை அடிக்கச் சொன்னாள். காய்ந்ததும் தழும்புகள் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன.

முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு சான்றிதழ் அச்சடித்திருந்தது. பூ வேலைப்பாடு, நடுவில் பெயருக்கு ஒரு கோடு, தேதிக்கு ஒரு கோடு, அடியில் 'ஆசிரியர் கையொப்பம்' என்று ஒரு கோடு. ஆசிரியர் இல்லாமல் படிக்கிற புத்தகத்தில் ஆசிரியருக்குக் கோடு போட்ட அந்த மகானை என்ன சொல்ல? அக்கா தன் பெயரை எழுதி, தேதி போட்டு, ஆசிரியர் கோட்டின் மேல் அழகாக, குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: 'கீழ் வீடு.'

சின்னவளுக்கு முகத்தில் அறைந்ததுபோல ஆயிற்று. பேசாமலே இருந்தவள் பேசிவிட்டாள். 'உன் இடியை வாங்கிக்கொண்டே படித்தேன், பார்த்துக்கொள்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று இரண்டு பல்லை இடம் மாற்றி நட்டு, லேபில் திட்டு வாங்கினாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. கடைசி ஒரு மாதம் அவள் இடிக்கவில்லை. ஈறுக்கு அச்செடுக்கிற ரோஸ் நிற மாவு ஒன்று லேபில் உண்டு. இரண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசைந்தால் ஐந்து நிமிஷத்தில் ரப்பராக இறுகிவிடும். அதை ஒருநாள் தன் காதிலேயே அழுத்தி, தன் காதுக்கென்றே அளவெடுத்து, இரண்டு அடைப்பான்கள் செய்துகொண்டாள். போட்டுக்கொண்டால் இடி விழுந்தாலும் தெரியாது. அவற்றைப் பல் செட் வைக்கும் டப்பாவில் போட்டு மேஜையிலேயே வைத்திருந்தாள். கடைசி மாதமாவது அக்கா நிம்மதியாக வாசித்திருப்பாள் என்ற அந்த நினைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் அவள் தூங்கினாள்.

பதினோராம் மாதம் அத்தான் வெளியூரில் இருக்கும் தன் மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை பயணம். சனிக்கிழமை சாயங்காலம் அவர் பெட்டி கட்டிக்கொண்டிருக்க, சின்னவள் இரண்டாம் பாகத்தின் கடைசிக்கு முந்தின பாட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவர் நடக்கப் போயிருக்கும் நேரத்தில்தான் வாசிப்பாள். அவர் முன்னால் வாசித்தது அன்றுதான் முதல் தடவை. வட்டம் வந்தது. நிறுத்தினாள். ஒன்று, இரண்டு...

அத்தான் மடித்த சட்டையோடு எழுந்து வந்தார். சிரிக்கிறார், கண் கலங்கியிருக்கிறது.

"அப்படியே அவதான். அவளும் இங்கதான் நிப்பா."

"அக்கா நிறுத்தக் குறி போட்டு வச்சிருக்காளே அத்தான்."

"குறியா? எந்தக் குறி?"

அவள் வட்டத்தைக் காட்டினாள். அத்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அட, இது குறி இல்லம்மா. நீ தட்டுன இடம். நீ கீழேருந்து தட்டுவியே, தட்டுன உடனே பென்சில எடுத்து அந்த எடத்துல ஒரு வட்டம் போட்டுடுவா. அப்புறம் அந்த எடத்த மட்டும் அம்பது தடவ வாசிப்பா."

சின்னவளின் கை கட்டைகள்மேலிருந்து தானாக மடிக்கு வந்துவிட்டது.

"எதுக்கு?"

"தப்பு பண்ற எடத்துலதானே நீ தட்டுவ! 'பாத்தீங்களா, இவ்வளவு கஷ்டப்பட்டு பல்லு வேல பாத்துக்கிட்டே எனக்கும் சொல்லிக்குடுக்குறா. நேர்ல சொன்னா அக்கா மனசு கஷ்டப்படும்னு குச்சியால சொல்றா'ன்னு எங்கிட்ட பெருமை அடிப்பா. 'புத்தகத்துல வாத்தியார் இல்ல, எனக்குக் கீழ் வீட்டுல இருக்கா'ன்னுவா."

'கீழ் வீடு.' குண்டு குண்டான எழுத்து. அது ஏச்சு இல்லை. நன்றி.

வெறுத்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று சின்னவளுக்குத் தோன்றியது. சரியாக வாசித்த இடத்தையெல்லாம் தப்பென்று நம்பி, ஐம்பது ஐம்பது தடவை தேய்த்திருக்கிறாள் அந்த மனுஷி. தப்பான இடங்கள் அப்படியே கிடந்திருக்கின்றன.

அத்தான் விடவில்லை. கடைசிப் பாட்டைப் புரட்டினார். அதில் ஒரு வட்டம்கூட இல்லை. அடியில் பெரிதாக ஒரு டிக்.

"இதத்தான் அவ கடைசியா முழுசா வாசிச்சா. போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் நீ தட்டவே இல்ல. 'தட்டலீங்க, ஒரு தடவகூட தட்டல'ன்னு சின்னப் புள்ள மாதிரி அழுதா."

அடுத்த பக்கம் இரண்டாம் சான்றிதழ். பெயர் இருந்தது, தேதி இருந்தது. ஆசிரியர் கோடு காலி. "இந்தத் தடவ நானே எழுத மாட்டேன், அவகிட்டயே கையெழுத்து வாங்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தா. அதுக்குள்ள..." அத்தான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "நாளைக்கு நான் போயிடுவேன். போட்டுக் குடுத்துடு."

சின்னவள் பேனாவை வாங்கினாள். கோட்டில் வைத்தாள். போட்டுவிட்டால் முடிந்துபோகும். அவர் பாட்டுக்குச் சந்தோஷமாகப் பெட்டியை எடுத்துக்கொண்டு போவார். இத்தனை நாள் சுமந்ததை இறக்க ஆளே இருக்காது.

"என்னால முடியாது அத்தான். நான் அன்னைக்குக் கேக்கவே இல்ல. காத அடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். தட்டுனதும் தப்பு வந்ததுக்காக இல்ல. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நிறுத்துடின்னு தட்டுனேன். அவ வாசிக்கிறது புடிக்காமத்தான் தட்டுனேன்."

சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். அடி விழுந்தாலும் சரி என்றிருந்தது.

"தெரியும்மா. நீயா வாயத் தொறக்கணும்னுதான் பேனாவ நீட்டுனேன்" என்றார் அத்தான்.

அவர் பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"மொத நாள் நீ தட்டுனப்ப மூடிய மூடிட்டு உக்காந்து அழுதா. இத வித்துடுங்கன்னா. எனக்கு என்ன செய்றதுன்னு தெரியல. 'அடி அசடே, அவ நிறுத்தவா சொல்றா? தப்பு வர்ற எடத்தச் சொல்றா'ன்னு வாயில வந்தத அடிச்சு விட்டேன். லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட முப்பது வருஷம் 'இதோ அஞ்சே நிமிஷம்'னு சொன்னவன்தானே நான்? நம்பிட்டா. அப்புறம் எப்படித் திருப்பி வாங்குறது?"

"அன்னைக்கு..."

"அவ டிக் போட்ட அன்னைக்கு உன்னக் கூப்பிட கீழ வந்தேன். கதவு தொறந்திருந்துச்சு. மூணு தடவ கூப்பிட்டேன். முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்த. காதுல ரோஸ் கலர்ல என்னமோ. அப்படியே திரும்பி மேல வந்து, 'சரியா இருந்துச்சுன்னு சொன்னா'ன்னு சொல்லிட்டேன்."

கீழே தெருவில் யாரோ இரும்பு ஷட்டரை இறக்கினார்கள்.

"என்மேல கோவமே இல்லையா?"

"இல்லாம? அவ போன புதுசுல உன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல. இந்தப் பலகைமேல உன்ன உக்கார வைக்கணும்னுதான் சாவியக் குடுத்தேன். தண்டனைன்னே வச்சுக்கயேன்." அவர் பியானோவின் மூடியை உள்ளங்கையால் துடைத்தார். "அப்புறம் நீ விடாம வாசிக்கிறன்னு தெரிஞ்சதும் வேற மாதிரி தோணுச்சு. பொய் சொன்னவன் நான். எனக்குப் பாட்டும் லிஃப்ட் சத்தமும் ஒண்ணுதான், என்னால அத உண்மையாக்க முடியாது. உன்னால முடியும்."

"அவதான் இல்லையே அத்தான். இனிமே எங்க போயி கேக்குறது?"

அத்தான் எண்களைத் தொட்டுக் காட்டினார். "எந்த எடத்துல எந்த விரல்னு ஒவ்வொண்ணா எழுதி வச்சிருக்கால்ல. அவ கை இதுலதான் இருக்கு. கேட்டுட்டு, அப்புறம் போடு. அவசரம் ஒண்ணுமில்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் போய்விட்டார். போகும்போது பேனாவைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு, சின்னவள் ஒட்டடைக் குச்சியை எடுத்துக்கொண்டு மாடியேறினாள். ஏன் எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கீழே அதைத் தனியாக விட்டுவர மனம் வரவில்லை. பியானோவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். காது அடைப்பான் டப்பாவையும் கொண்டுவந்து பியானோ மூடிமேல் வைத்தாள். பிறகு கடைசிப் பாட்டைத் திறந்தாள்.

முதலிலேயே தீர்மானித்துவிட்டாள். தன் விரல் இல்லை, அக்காவின் விரல். எண் என்ன சொல்கிறதோ அதுதான். மெதுவாக ஆரம்பித்தாள். ஆறேழு நாள் எண்ணைப் பார்த்து விரலை வைப்பதிலேயே போயிற்று, என்ன கேட்கிறது என்று அவள் காது கொடுக்கவில்லை. எட்டாம் நாள் முதலிலிருந்து கடைசி வரை நிற்காமல் வாசிக்க உட்கார்ந்தாள்.

முதல் வரி நன்றாக இருந்தது. இரண்டாம் வரியும். இது இத்தனை அழகான பாட்டா? இதற்கா காதில் மாவை அப்பிக்கொண்டாள்? தலைக்கு மேலே இதை வைத்துக்கொண்டு, கீழே யாரோ ஒருத்தருடைய கடைவாய்ப் பல்லைச் சீவிக்கொண்டிருந்தாள். வலது கை அவளுடையதாகவே தெரியவில்லை. கட்டையை அழுத்தும்போது கொஞ்சம் கூடுதலாக, முத்திரை குத்துகிற அழுத்தமாக விழுந்தது. அவள் அதைத் தடுக்கவில்லை.

மூன்றாம் வரியில் பாட்டு மேலே ஏறுகிறது, படிப்படியாக ஆறு சுரம். அக்காவின் எண்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது சுரத்துக்கும் ஐந்து. சுண்டுவிரலுக்கு அப்புறம் கையில் விரல் ஏது? சுண்டுவிரல் தூக்கிக் குதித்தது. குதித்த இடத்தில் பாட்டு ஒரு நொடி இடறியது.

சின்னவள் நிறுத்தினாள். மறுபடி வாசித்தாள். அதே இடறல். மெதுவாகவும் வாசித்தாள், வேகமாகவும் வாசித்தாள். எப்படி வாசித்தாலும் அந்த எண்களோடு அந்த இடத்தில் இடறாமல் போகவே முடியாது. நாலாவது சுரத்திலேயே கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு அடியில் நுழைத்துக் கொண்டுபோயிருக்க வேண்டும். இரண்டாம் பாகத்தின் பத்தாம் பக்கத்தில் அந்தப் புண்ணியவான் வாழ்த்துச் சொல்லிக் கற்றுக்கொடுத்த பாடம்தான் அது. அக்கா இங்கே மறந்திருக்கிறாள்.

அப்படியானால் அன்றைக்கும் இடறியிருக்கிறாள். அழுதுகொண்டே டிக் போட்ட அன்றைக்கும், இதே இடத்தில், இதே ஒரு நொடி. கீழே ஒருத்தி உண்மையிலேயே கேட்டுக்கொண்டிருந்தால் அது தெரிந்திருக்கும்.

அறை அடங்கிக் கிடந்தது. இந்தத் தடவை கீழே யாரும் நிற்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. பக்கத்தில், பலகையின் மறுபாதியில், யாரோ கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பதுபோல இருந்தது. சரியா, தப்பா என்று சொல்லுங்கள் என்பதுபோல. அவளுக்குப் பயமாக இல்லை. அழுகைதான் வந்தது.

அவள் எழுந்து ஒட்டடைக் குச்சியைக் கையில் எடுத்தாள். அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி, ஓங்காமல், ஒரே ஒரு தடவை தட்டினாள். டொக்.

பிறகு உட்கார்ந்து, பென்சிலால் அந்தச் சுரத்தின் மேல் ஒரு வட்டம் போட்டாள். நாலை அழித்துவிட்டு ஒன்று என்று எழுதினாள். ஐந்தை அழித்து இரண்டு, அடுத்ததற்கு மூன்று. பக்கத்தைப் புரட்டிச் சான்றிதழைப் பார்த்தாள். பேனா அங்கேயேதான் இருந்தது.

"இன்னைக்கு வேணாம்க்கா. நாளைக்கு இன்னொரு தடவ வாசி, கேக்குறேன்" என்றாள்.